திரைக்கும் தாளுக்கும் நடுவில்: ஆர்ஜிபி, சிஎம்ஒய்கே மாற்றத்தைக் கெடுக்காமல் செய்வது எப்படி

திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டும்; அது ஆர்ஜிபி. அச்சு சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மையால் காட்டும்; அது சிஎம்ஒய்கே (சி, எம், ஒய், கே). போட்டோஷாப்பில் புதிதாக ஒரு எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொதுவான ஆர்ஜிபி வகை) ஃபைலைத் திறந்து 0, 0, 0 என்று கருப்பை நிரப்புங்கள். இமேஜ் மெனுவில் மோடுக்குப் போய் சிஎம்ஒய்கே ஆக்குங்கள். கலர் செட்டிங்ஸ் வட அமெரிக்கப் பொது அமைப்பில் இருந்தால், இன்ஃபோ பேனலில் சி 75, எம் 68, ஒய் 67, கே 90 என்று வரும். கூட்டினால் சரியாக 300. இப்போது எதிர்த்திசையில் போங்கள். கே 100 மட்டும் உள்ள கருப்பை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றினால் 0, 0, 0 வராது. 35, 31, 32 வரும். அது கருப்பு இல்லை, கரிச்சாம்பல்.

மென்பொருளில் கோளாறு ஒன்றும் இல்லை. திரையின் கருப்பு என்பது வெளிச்சமே இல்லாத இடம். தாளில் அவ்வளவு இருட்டைக் கொண்டுவர ஒரு மை போதாது, நான்கும் வேண்டும். கே மை மட்டும் அச்சான தாளோ கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அந்தச் சாம்பலைத்தான் 35, 31, 32 காட்டுகிறது. படத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தும். எட்டுப் பாயின்ட் எழுத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. எதை மாற்றுகிறோம், எந்தத் தாளுக்கு மாற்றுகிறோம் என்று தெரியாமல் மோடு மெனுவைத் தொடுவதுதான் பெரும்பாலான நிறத் தகராறுகளின் ஆரம்பம்.

எண் வேறு, நிறம் வேறு

சி 50, எம் 40, ஒய் 40 என்பது ஒரு நிறம் இல்லை. இவ்வளவு மை போடு என்ற கட்டளை. பளபளப்பான ஆர்ட் பேப்பரில் அது நடுத்தரச் சாம்பலாக விழும். செய்தித்தாளில் மை ஊறிப் பரவி, தாளின் பழுப்பும் சேர்ந்து வேறொன்றாகத் தெரியும். ஆர்ஜிபியிலும் இதே கதைதான்: 200, 30, 40 என்ற சிவப்பு எஸ்ஆர்ஜிபியில் ஒன்று, அடோபி ஆர்ஜிபியில் இன்னும் அடர்த்தியான வேறொன்று. எந்த எண் எந்த நிறத்தைக் குறிக்கிறது என்று சொல்லும் அட்டவணைதான் ஐசிசி ப்ரொஃபைல். ப்ரொஃபைல் இல்லாத எண், அலகு போடாத அளவு மாதிரி.

அந்த அலகை வைத்தே 'அசைன்', 'கன்வெர்ட்' என்ற இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்ளலாம். 10 சென்டிமீட்டர் என்பதை அழித்து 10 அங்குலம் என்று எழுதினால் அசைன்: எண் அப்படியே இருக்கிறது, பொருள் மாறிவிட்டது. 10 அங்குலத்தை 25.4 சென்டிமீட்டர் என்று எழுதினால் கன்வெர்ட்: எண் மாறியது, நீளம் மாறவில்லை. வந்த ஃபைலில் ப்ரொஃபைலே இல்லை என்றால் முதலில் அசைன், பிறகு கன்வெர்ட். ப்ரொஃபைல் இருக்கும் ஃபைலில் அசைன் பக்கமே போகாதீர்கள். நிறம் மாறிவிட்டது என்று அசைனை மாற்றி மாற்றிப் பார்த்துச் "சரிசெய்தவர்கள்" கொடுக்கும் ஃபைலை மீட்பதுதான் இருப்பதிலேயே கடினம்.

இதிலிருந்தே முக்கியமான நடைமுறையும் கிடைக்கிறது. மூலப் படத்தை ஆர்ஜிபியிலேயே வைத்திருங்கள். மாற்றத்தை ஒரே ஒரு முறை, கடைசியில், அச்சாகப் போகும் தாளுக்கான ப்ரொஃபைலுக்குச் செய்யுங்கள். சிஎம்ஒய்கே ஆக்கிய நொடியில் மையின் எல்லைக்கு வெளியே இருந்த நிறங்கள் வெட்டுப்பட்டுப் போகும். மறுபடி ஆர்ஜிபிக்கு மாற்றினால் மோடு திரும்பும், நிறம் திரும்பாது.

ஆரம்பிக்கும் முன் அச்சகத்தில் கேட்க வேண்டியது

எந்தத் தாள், எந்த ப்ரொஃபைல், அதிகபட்ச மை எவ்வளவு, பிடிஎஃப் எந்த வகை. இந்த நான்குக்கும் பதில் இல்லாமல் மாற்றத்தைத் தொடங்குவது வீண் வேலை.

ப்ரொஃபைல் பெயர் சொன்னால் அதிலேயே மை வரம்பும் அடங்கியிருக்கும். வட அமெரிக்க அச்சுக்கான ஸ்வாப் வி2 300 சதவீதம். பூச்சுத் தாளுக்கான ஐரோப்பிய அச்சு அளவீடான ஃபோக்ரா39-ஐ ஒட்டிய ஐஎஸ்ஓ கோட்டட் வி2 330. அதிலேயே 300-க்குக் குறைத்த பதிப்பும் உண்டு. பின்னால் வந்த, ஃபோக்ரா51-ஐ ஒட்டிய பிஎஸ்ஓ கோட்டட் வி3 300. செய்தித்தாளுக்கான ஐஎஸ்ஓ நியூஸ்பேப்பர் 26வி4 என்றால் 240. சதவீதம் என்பது நான்கு மையின் கூட்டுத்தொகை. எல்லாம் நூறு என்றால் 400. வரம்பைத் தாண்டினால் மை காயாது, மேலே அடுக்கும் தாளின் முதுகில் ஒட்டும், நிழல் பகுதியில் விவரம் அடைபட்டு ஒரே கட்டியாகத் தெரியும். மெல்லிய தாளில் மறுபக்கமும் ஊடுருவித் தெரியும்.

"எந்த சிஎம்ஒய்கே ஆனாலும் பரவாயில்லை" என்று பதில் வந்தால், பூச்சுத் தாளா பூச்சில்லாத தாளா என்றாவது கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒரு வேறுபாடு, ஃபோக்ரா39-க்கும் 51-க்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பல மடங்கு பெரியது.

கேட்டதும் மென்பொருள்களை ஒரே அமைப்புக்குக் கொண்டுவாருங்கள். போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் மூன்றிலும் எடிட் மெனுவில் கலர் செட்டிங்ஸ் இருக்கிறது. ஆர்ஜிபி வொர்க்கிங் ஸ்பேஸ் (மென்பொருள் இயல்பாக எடுத்துக்கொள்ளும் ப்ரொஃபைல்) எஸ்ஆர்ஜிபி அல்லது அடோபி ஆர்ஜிபி, சிஎம்ஒய்கே அச்சகம் சொன்ன ப்ரொஃபைல், ஆர்ஜிபி பாலிசி 'பிரிசர்வ் எம்பெடட் ப்ரொஃபைல்ஸ்'. இன்டிசைனில் சிஎம்ஒய்கே பாலிசி 'பிரிசர்வ் நம்பர்ஸ்' என்றே இருக்கட்டும்; காரணம் பின்னால் வருகிறது. பிரிட்ஜ் இருந்தால் அங்கிருந்து ஒரே சொடுக்கில் மூன்றையும் ஒத்திசைக்கலாம்.

எஸ்ஆர்ஜிபியா, அடோபி ஆர்ஜிபியா என்று வாதாடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. அச்சின் நிற எல்லை எஸ்ஆர்ஜிபிக்குள் முழுதாக அடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அடங்காது. சுத்தமான சயான் மை எஸ்ஆர்ஜிபிக்கு வெளியே நிற்கிறது. அதனால்தான் ஸ்வாப் வி2-வில் சி 100-ஐ எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றினால் 0, 174, 239 என்று சிவப்பு அடிமட்டத்தில் போய் முட்டி நிற்கும். கடலும் வானமும் நிறைந்த படங்களை, எல்லை இன்னும் அகலமான அடோபி ஆர்ஜிபியில் வைத்திருப்பதில் அர்த்தம் உண்டு. மற்றபடி எஸ்ஆர்ஜிபியே போதும், குழப்பமும் குறைவு.

புகைப்படம்: முதலில் பார், பிறகு மாற்று

மாற்றிவிட்டுத் திருத்துவதைவிட, மாற்றினால் எப்படி இருக்கும் என்று ஆர்ஜிபியிலேயே பார்த்துத் திருத்துவது நல்லது. இதற்குப் பெயர் சாஃப்ட் ப்ரூஃப்.

1. வியூ மெனுவில் ப்ரூஃப் செட்டப், அதில் கஸ்டம். 'டிவைஸ் டு சிமுலேட்' என்ற இடத்தில் அச்சகத்தின் ப்ரொஃபைல். 'பிரிசர்வ் நம்பர்ஸ்' தெரிந்தால் டிக் இருக்கக் கூடாது. 'பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன்' டிக் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையின் கருப்புக்கும் மையின் கருப்புக்கும் நடுவில் இருக்கும் நிழல் விவரமெல்லாம் ஒன்றாக அமுங்கிவிடும்.

2. 'சிமுலேட் பேப்பர் கலர்' என்பதையும் போட்டுப் பாருங்கள். படம் சட்டென்று வெளுத்து உயிரில்லாமல் தெரியும். பயப்பட வேண்டாம்: கண் இன்னும் திரையின் வெள்ளையோடு ஒப்பிடுகிறது. பேனல்களை மறைத்து, முழுத்திரையில் படத்தை மட்டும் வைத்து அரை நிமிடம் பாருங்கள்; கண் பழகிவிடும்.

3. கன்ட்ரோல் ஒய் அழுத்தி ப்ரூஃபை மாற்றி மாற்றிப் பாருங்கள். கன்ட்ரோல் ஷிஃப்ட் ஒய், மையின் எல்லையைத் தாண்டிய இடங்களைச் சாம்பலாகக் காட்டும். அந்தச் சாம்பல் முழுவதையும் ஒழித்தே தீருவேன் என்று உட்காராதீர்கள். சாம்பல் வருவது குற்றம் இல்லை. அந்த இடத்தில் விவரம் தொலைகிறதா என்பதுதான் கேள்வி. சிவப்புப் பூவின் இதழ் மடிப்புகள் ப்ரூஃபில் ஒரே அப்பலாகத் தெரிந்தால் திருத்த வேண்டும். சமதளமான ஒரு விளம்பரப் பலகை மட்டும் சாம்பலாக இருந்தால் விட்டுவிடலாம்.

4. ரெண்டரிங் இன்டென்ட் தேர்வு, அதாவது எல்லைக்கு வெளியே இருக்கும் நிறங்களை எப்படி உள்ளே கொண்டுவருவது என்ற முறை. 'ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்' எல்லைக்குள் இருக்கும் நிறங்களை அப்படியே விட்டு, வெளியே இருப்பவற்றை மட்டும் எல்லையில் கொண்டுவந்து நிறுத்தும். 'பெர்செப்சுவல்' எல்லா நிறங்களையும் கொஞ்சம் கொஞ்சம் சுருக்கி இடைவெளிகளைக் காப்பாற்றும். விலையாக மொத்தப் படமும் சற்று மங்கும். முகங்கள், உட்புறக் காட்சிகள் போன்றவற்றுக்கு முதலாவது. அடர்நிறங்கள் குவிந்த படத்துக்கு இரண்டாவது. சந்தேகமாக இருந்தால் இரண்டையும் ப்ரூஃபில் மாற்றிப் பாருங்கள், பத்து விநாடி வேலை. 'அப்சொல்யூட்' பிரிண்டரில் மாதிரி எடுப்பவர்களுக்கானது. படத்துக்குப் போட்டால் வெள்ளை இடங்களில் தாளின் நிறம் புள்ளியாக ஏறிவிடும்.

5. திருத்த வேண்டியதை ஹியூ/சாச்சுரேஷன், கர்வ்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயர்களில் செய்யுங்கள். இந்த லேயர்களை ஒரு குழுவாக்கி, ப்ரொஃபைல் பெயரையே குழுவுக்கு வைத்துவிடுங்கள். நாளை வேறு தாள் என்றால் அந்தக் குழுவை அணைத்துவிட்டு வேறொன்று போடலாம்.

மாற்றிய சிஎம்ஒய்கே ஃபைலையே கொடு என்று கேட்டால் மட்டும் ஆறாவது படி: ஃபைலின் நகலில் லேயர்களை ஒன்றாக்கி, எடிட் மெனுவில் 'கன்வெர்ட் டு ப்ரொஃபைல்'. மோடு மெனு வேண்டாம். அது எந்த ப்ரொஃபைலுக்கு மாற்றுகிறது என்று காட்டாது, வொர்க்கிங் ஸ்பேஸில் என்ன இருந்ததோ அதை எடுத்துக்கொள்ளும். லேயர்களை ஒன்றாக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ஸ்கிரீன், மல்டிப்ளை போன்ற பிளெண்ட் மோடுகள் ஆர்ஜிபி எண்களில் ஒரு விடையும் சிஎம்ஒய்கே எண்களில் இன்னொரு விடையும் தரும். லேயரோடு மாற்றினால் ஒளிக்கீற்றுகளும் நிழல்களும் நிறம் மாறி நிற்கும். வானம் போன்ற மென்மையான நிறத்தொடர்கள் இருந்தால் 16 பிட்டில் மாற்றிவிட்டு 8 பிட்டுக்கு இறங்குங்கள். பட்டை பட்டையாக உடைவது குறையும்.

நீலம் ஏன் ஊதா ஆகிறது

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். ஆர்ஜிபியில் 0, 0, 255 என்ற நீலத்தை ஸ்வாப் வி2-வுக்கு மாற்றினால் சி 88, எம் 77 என்று வரும். மெஜந்தா சயானுக்கு இவ்வளவு அருகில் வந்தால் அச்சில் கத்தரிப்பூ நிறம் எட்டிப்பார்க்கும். ஓடும் இயந்திரத்தில் மெஜந்தா கொஞ்சம் ஏறினால் போதும், நீலம் முழு ஊதாவாகிவிடும்.

நீலம் நீலமாகவே இருக்க வேண்டுமானால் சயானைவிட மெஜந்தா குறைந்தது 30 சதவீதமாவது கீழே இருக்கட்டும். சி 100, எம் 65 நல்ல தொடக்கம். லோகோ, தலைப்புப் பட்டை போன்ற சமதள நிறங்களுக்கு மாற்றத்தை மென்பொருளிடம் விடவே வேண்டாம். கையால் எண் கொடுங்கள். அச்சிட்ட நிற அட்டையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். திரையில் ஒளிரும் பச்சைக்கும் இதே நிலைதான்: 0, 255, 0 மாறும்போது சி 63, ஒய் 100 ஆகும். அது இலைப்பச்சை, ஒளிப்பச்சை இல்லை. அந்த ஒளி நான்கு மையில் கிடையாது. கட்டாயம் வேண்டுமென்றால் ஐந்தாவதாக ஒரு ஸ்பாட் மை (அந்த நிறத்துக்கென்றே தனியாகக் கலந்த மை) போட வேண்டும். செலவைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

சமதள நிறத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். மாற்றி வந்த எண்கள் சி 3, எம் 97, ஒய் 88, கே 1 என்று துண்டு துண்டாக இருக்கும். அந்த மூன்று சதவீதச் சயானும் ஒரு சதவீதக் கருப்பும் நிறத்துக்கு எதுவும் சேர்ப்பதில்லை, அழுக்குப் புள்ளிகளைத்தான் சேர்க்கின்றன. எம் 100, ஒய் 90 என்று சுத்தமாக்குங்கள். எத்தனை குறைந்த மையில் ஒரு நிறம் நிற்கிறதோ, ஆயிரம் பிரதி ஓடும்போது அத்தனை குறைவாக அது அலையும்.

கருப்பு

கருப்பில் மூன்று வகை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து, மெல்லிய கோடு, பார்கோடு எல்லாவற்றுக்கும் கே 100 மட்டும். பெரிய கருப்புப் பரப்புக்கு ரிச் பிளாக், உதாரணமாக சி 60, எம் 40, ஒய் 40, கே 100. கூட்டினால் 240, செய்தித்தாள் வரம்பையும் தாண்டாது. புகைப்பட நிழலில் ப்ரொஃபைல் தானாகக் கலக்கும் நான்கு மைக் கருப்பு. இவை போக இன்டிசைனில் 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்று ஒரு ஸ்வாட்ச் (பெயரிட்டுச் சேமித்த நிறம்) இருக்கிறது: பார்க்கக் கருப்பாக இருக்கும், நான்கு ப்ளேட்டிலும் (மைக்கு ஒன்றான அச்சுத் தகடு) நூறு நூறாக விழும். வெட்டுக்குறிக்கு மட்டுமே அது.

எழுத்துக்கு நான்கு மை ஏன் கூடாது? நான்கு ப்ளேட்டும் மயிரிழைகூடப் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுவது அரிது. பிசகினால் எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாக நிழல் கட்டும். தமிழ் எழுத்தில் இது இன்னும் மோசம்: 'ணை', 'ழு', 'ஞ்' போன்றவற்றின் சுழிகளுக்குள் இருக்கும் சிறிய வெள்ளை இடம்தான் முதலில் அடைபடும், புள்ளி எழுத்தில் சேர்ந்துவிடும். ரிச் பிளாக் பரப்பின் மேல் வெள்ளை எழுத்து வைத்தாலும் இதே ஆபத்து. பத்துப் பாயின்டுக்குக் கீழே என்றால் அந்தப் பரப்பைக் கே மட்டும் ஆக்கிவிடுங்கள், அல்லது எழுத்தைத் தடிமனாக்குங்கள்.

நான்கு மை எழுத்து பக்கத்துக்குள் எப்படி நுழைகிறது என்றால், பெரும்பாலும் வேர்ட் ஃபைலோடு. வேர்டிலிருந்து இன்டிசைனுக்கு எழுத்தைக் கொண்டுவந்த பிறகு ஸ்வாட்சஸ் பேனலைப் பாருங்கள். 'வேர்ட்' என்று தொடங்கி ஆர் 0, ஜி 0, பி 0 என்று முடியும் பெயரில் புதிதாக ஒரு ஸ்வாட்ச் உட்கார்ந்திருக்கலாம். அது ஆர்ஜிபி கருப்பு. ஏற்றுமதியில் அத்தனை பத்தியும் நான்கு மையாகும். அந்த ஸ்வாட்சை அழிக்கச் சொல்லுங்கள். பதிலாக எதைப் போடுவது என்று கேட்கும்போது பிளாக் என்பதைக் காட்டுங்கள். ஒரே சொடுக்கில் புத்தகம் முழுவதும் சரியாகும்.

இல்லஸ்ட்ரேட்டரில் ஆர்ஜிபியில் வரைந்ததை ஃபைல் மெனுவின் 'டாக்குமென்ட் கலர் மோடு' வழியே மாற்றினால் கோடுகளும் எழுத்தும் இதேபோல நான்கு மைக் கருப்பாகும். ஒரு கருப்புப் பொருளைத் தேர்ந்தெடுத்து, செலக்ட் மெனுவில் 'சேம்', 'ஃபில் கலர்' கொடுத்தால் அதே நிறமுள்ள எல்லாம் தேர்வாகும். கே 100 கொடுத்துவிட்டு, ஸ்ட்ரோக்குக்கும் அதையே திரும்பச் செய்யுங்கள். கிரேடியன்டுகளில் ஒளிந்திருக்கும் கருப்பு இந்தத் தேடலில் சிக்காது. அவற்றைத் தனியாகத் திறந்து பார்க்க வேண்டும்.

இன்னொரு பொறி: இன்டிசைனின் பிரிஃபரன்சஸில் 'அப்பியரன்ஸ் ஆஃப் பிளாக்' என்று ஒரு பக்கம் உண்டு. திரையில் எல்லாக் கருப்பையும் ரிச் பிளாக் போலக் காட்டு என்று அது இருந்தால், கே 100-க்கும் நான்கு மைக் கருப்புக்கும் வித்தியாசமே தெரியாது. 'டிஸ்ப்ளே ஆல் பிளாக்ஸ் அக்யூரேட்லி' என்று மாற்றுங்கள். கே பட்டைக்குள் ரிச் பிளாக் படம் ஒன்று கட்டமாகத் தெரிவதை அச்சுக்கு முன்பே கண்டுபிடிக்கலாம்.

திரைப்பிடிப்புகள்

மென்பொருள் கையேடுகளில் வரும் ஸ்கிரீன்ஷாட் தனி ரகம். அதில் இருக்கும் சாம்பலும் கருப்பு எழுத்தும் புகைப்படம் போல மாற்றப்பட்டால் சாம்பல் பொத்தான்கள் பக்கத்துக்குப் பக்கம் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயும், எழுத்து கலங்கும். இதற்குத் தீர்வு, சாம்பலை முழுக்கக் கே மையிடம் ஒப்படைப்பது.

ஸ்கிரீன்ஷாட்டின் நகலைத் திறந்து 'கன்வெர்ட் டு ப்ரொஃபைல்' போங்கள். பட்டியலில் 'கஸ்டம் சிஎம்ஒய்கே' தேர்ந்தெடுங்கள். பிரிப்பு வகை ஜிசிஆர் (மூன்று மை கலந்த சாம்பலுக்குப் பதில் கருப்பு மையைப் போடும் முறை), பிளாக் ஜெனரேஷன் மேக்சிமம். இப்போது சாம்பலில் கே மட்டும் இருக்கும், நிறமுள்ள இடங்களில் மட்டும் மற்ற மைகள் வரும். ப்ரொஃபைலைப் பொதியாமல் டிஃப் ஆகச் சேமித்து வையுங்கள். இன்டிசைனில் 'பிரிசர்வ் நம்பர்ஸ்' இருக்கச் சொன்னது இதற்காகத்தான்: இந்த எண்களை அது மறுபடி கலக்கிவிடாது. புகைப்படத்துக்கு இந்த வழி ஆகாது, நிழல்கள் சொரசொரப்பாகும்.

பக்கத்திலிருந்து பிடிஎஃப்புக்கு

படங்கள் ஆர்ஜிபியாகவே லிங்க்கில் இருக்கலாம். ஸ்வாட்ச்கள் மட்டும் எல்லாம் சிஎம்ஒய்கே அல்லது ஸ்பாட்டாக இருக்க வேண்டும். எடிட் மெனுவில் 'ட்ரான்ஸ்பரன்சி பிளெண்ட் ஸ்பேஸ்' டாக்குமென்ட் சிஎம்ஒய்கே என்று இருக்கிறதா பாருங்கள். ஆர்ஜிபி என்று இருந்தால், நிழலோ ஒளிபுகும் படமோ உள்ள பக்கங்களில் மட்டும் கருப்பு எழுத்து நான்கு மையாக மாறிவிடலாம். ஒரு பக்கத்தில் எழுத்து தடித்தும் அடுத்த பக்கத்தில் மெலிந்தும் தெரிந்தால் முதலில் தேட வேண்டிய இடம் இதுதான்.

ஏற்றுமதிப் பெட்டியின் அவுட்புட் பகுதியில் மூன்று வழி இருக்கிறது. 'நோ கலர் கன்வர்ஷன்' எதையும் தொடாது. 'கன்வெர்ட் டு டெஸ்டினேஷன்' எல்லாவற்றையும் மாற்றும். டாக்குமென்டின் ப்ரொஃபைலும் இலக்கின் ப்ரொஃபைலும் வேறு வேறாக இருந்தால் கே 100 எழுத்தையும் விட்டுவைக்காது. 'கன்வெர்ட் டு டெஸ்டினேஷன், பிரிசர்வ் நம்பர்ஸ்' ஆர்ஜிபி படங்களை மாற்றிவிட்டு, நீங்கள் கையால் கொடுத்த சிஎம்ஒய்கே எண்களை அப்படியே விடும். அன்றாட வேலைக்கு மூன்றாவதுதான்.

அச்சுக்கான பிடிஎஃப் வகையான பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ கேட்டால் அதில் ஆர்ஜிபி இருக்கவே முடியாது, ட்ரான்ஸ்பரன்சியும் (ஒளிபுகும் விளைவுகள்) தட்டையாக்கப்படும். எக்ஸ்-4 என்றால் இரண்டையும் அது ஏற்கும். கடைசி மாற்றத்தை அச்சகமே செய்யலாம். யார் செய்வது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் செய்தால் படம் இரண்டு முறை மங்கும்.

ஒரு எச்சரிக்கை. ஃபோக்ரா39-க்கு மாற்றி முடித்த சிஎம்ஒய்கே படத்தைப் பூச்சில்லாத தாளுக்கான வேலையில் வைத்தால், 'பிரிசர்வ் நம்பர்ஸ்' அதையும் அப்படியே கடத்திவிடும். படம் இருண்டு அடைபட்டு விழும். பழைய வேலையிலிருந்து எடுத்த படங்களில் இது அடிக்கடி நடக்கும். ஆர்ஜிபி மூலம் இருந்தால் அதிலிருந்து மறுபடி எடுங்கள். இல்லாவிட்டால் போட்டோஷாப்பில் பழைய ப்ரொஃபைலிலிருந்து புதியதற்கு கன்வெர்ட் செய்யுங்கள்.

அனுப்பும் முன் அக்ரோபேட்டில் பிரிண்ட் புரொடக்‌ஷன் கருவிகளில் 'அவுட்புட் பிரிவியூ' திறங்கள். மைப் பட்டியலில் கருப்பின் டிக்கை எடுங்கள். பத்திகள் மறைந்துபோனால் எழுத்து சுத்தம்; பழுப்பாக ஏதாவது எழுத்து மிஞ்சினால் அங்கே நான்கு மை. பிறகு 'டோட்டல் ஏரியா கவரேஜ்' போட்டு வரம்பு எண்ணைக் கொடுங்கள், தாண்டிய இடங்கள் நிறமிட்டுத் தெரியும். இன்டிசைனுக்குள்ளேயே 'செப்பரேஷன்ஸ் பிரிவியூ' இதே வேலையைச் செய்யும். ஆனாலும் கடைசிச் சோதனையை பிடிஎஃப்பில் செய்யுங்கள். ப்ளேட்டுக்குப் போவது அதுதான்.

தாளிலிருந்து திரைக்கு

எதிர்த்திசை எளிது என்று நினைத்து அலட்சியமாக விடுவார்கள். அச்சுக்குச் செய்த புத்தக அட்டையை இணையத்துக்கும் மின்னூலுக்கும் கொடுக்கும்போது மூன்று இடத்தில் அடிபடும்.

முதலாவது ஃபைல் வகை. பிஎன்ஜியில் சிஎம்ஒய்கே கிடையாது. ஜேபெக்கில் உண்டு, ஆனால் சிஎம்ஒய்கே ஜேபெக்கைச் சில செயலிகள் நெகட்டிவ் போலத் தலைகீழாகக் காட்டும், சில கண்கூசும் நிறத்தில் காட்டும், சில திறக்கவே மாட்டா. திரைக்குப் போகும் எதுவும் எஸ்ஆர்ஜிபி ஆக, ப்ரொஃபைல் பொதிந்து போக வேண்டும்.

இரண்டாவது மூலத்தின் ப்ரொஃபைல். சிஎம்ஒய்கே ஃபைலில் ப்ரொஃபைல் இல்லையென்றால், அது எந்தத் தாளுக்குச் செய்யப்பட்டது என்று விசாரித்து அதை அசைன் செய்துவிட்டு மாற்றுங்கள். தெரியவே இல்லையென்றால் ஃபோக்ரா39, ஸ்வாப் வி2 இரண்டையும் அசைன் செய்து பாருங்கள். தோல் நிறமும் சாம்பலும் இயல்பாகத் தெரிவதை எடுத்துக்கொள்ளுங்கள். துல்லியம் இல்லை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவதைவிட நல்லது.

மூன்றாவது அந்த 35, 31, 32. இன்டிசைனிலிருந்து ஜேபெக்காகவோ பிஎன்ஜியாகவோ எடுக்கும்போது 'அப்பியரன்ஸ் ஆஃப் பிளாக்' பக்கத்தில் 'அவுட்புட் ஆல் பிளாக்ஸ் அஸ் ரிச் பிளாக்' இருந்தால் கே 100 சுத்தக் கருப்பாகவே வெளிவரும். இல்லஸ்ட்ரேட்டரில் சிஎம்ஒய்கே லோகோவை ஆர்ஜிபி ஃபைலில் ஒட்டினால் கரிச்சாம்பலாக விழும். தேர்ந்தெடுத்து 0, 0, 0 ஆக்குங்கள். கருப்புப் பின்புலமுள்ள வலைப்பக்கத்தில் கரிச்சாம்பல் லோகோ கட்டம் கட்டித் தெரிவதன் காரணம் இதுதான்.

ஸ்பாட் நிறங்களை இங்க் மேனேஜரில் 'யூஸ் ஸ்டாண்டர்ட் லேப் வேல்யூஸ்' போட்டு மாற்றினால் மையின் உண்மை நிறத்துக்கு அருகில் வரும். வழியில் சிஎம்ஒய்கே ஆக்கிவிட்டு ஆர்ஜிபிக்கு வந்தால் ஸ்பாட்டின் பளிச்சென்ற தன்மை போய்விடும். ஓவர்பிரிண்ட் (கீழே உள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சிடுவது) இருந்தால் ஏற்றுமதியில் 'சிமுலேட் ஓவர்பிரிண்ட்' போடுங்கள். வெள்ளை எழுத்தில் தவறி ஓவர்பிரிண்ட் விழுந்திருந்தால், தாளில் காணாமல் போகப் போவதை அப்போதே காட்டிக்கொடுக்கும்.

லோகோவுக்கு மட்டும் மாற்றமே வேண்டாம். ஆர்ஜிபிக்கு ஒன்று, சிஎம்ஒய்கேக்கு ஒன்று, கே மட்டும் ஒன்று என்று மூன்று ஃபைல் தனித்தனியாக வைத்திருங்கள்.

இலவச மென்பொருளில்

கருத்து அதேதான், பெயர்தான் வேறு. ஸ்கிரைபஸில் கலர் மேனேஜ்மென்டை நீங்களே இயக்க வேண்டும். ஆர்ஜிபி படங்களை அப்படியே வைத்துவிட்டு, பிடிஎஃப் ஏற்றுமதியில் இலக்கை அச்சு என்று கொடுத்தால் அது மாற்றிக்கொள்ளும். கிம்ப் படத்தை ஆர்ஜிபியில்தான் திருத்தும், சாஃப்ட் ப்ரூஃப் காட்டும். கிருட்டாவில் சிஎம்ஒய்கே முறையே உண்டு. இங்க்ஸ்கேப்பில் வரைந்ததை ஸ்கிரைபஸுக்குள் கொண்டுவந்து, அங்கே நிறப் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு நிறத்துக்கும் சிஎம்ஒய்கே எண்ணைக் கொடுங்கள். முதல் எண், வழக்கம்போல், கருப்புக்கு.

"எல்லாம் இருட்டாக வந்துவிட்டது"

எல்லாம் சரியாகச் செய்தும் இந்தப் புகார் வந்தால், ஃபைலைத் தொடும் முன் திரையின் வெளிச்சத்தைப் பாருங்கள். கடையில் வாங்கி வந்த வெளிச்சத்திலேயே ஓடும் திரை தாளைவிடப் பல மடங்கு ஒளிரும். ஒரு வெள்ளைத் தாளை அறையின் வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். வெற்றுப் பக்கத்தைத் திரையில் திறந்து, இரண்டு வெள்ளையும் ஒத்துப்போகும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். அச்சு மாதிரியைப் பார்க்கும் இடமும் முக்கியம். அச்சுத் துறையில் டி50 என்ற 5000 கெல்வின் விளக்கின் கீழ்தான் நிறத்தை ஒப்பிடுவார்கள். மஞ்சள் பல்பின் கீழ் பார்த்து மஞ்சள் அதிகம் என்று சொன்னால், அடுத்த அச்சில் நீலமாகக் கொடுத்துவிடுவார்கள்.